இறங்கிப் பார்க்கிற அம்மா

ரயில் பாதைக்கு அடியில் சாலை புகுந்து போகும் இடங்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள், ஹாரன் அடிப்பார்கள், சிலர் விளக்கைப் போடுவார்கள். அந்த அம்மா வண்டியையே நிறுத்திவிடுவார். மொபெட்டைச் சரிவின் தலைப்பில் ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, செருப்பைக் கழற்றி ஹாண்டில்பாரில் தொங்கும் பையில் சொருகிவிட்டு, பள்ளத்தின் அடிவரை நடந்து போய் நின்று சுற்றிலும் பார்ப்பார். திரும்பி ஏறி வந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். மழைக்காலத்தில் மட்டுமல்ல, சித்திரை வெயிலிலும் அப்படித்தான்.

பின்னால் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர் பொறுமை இழந்து கத்துவாராம். "இன்னாக்கா, டெய்லி பாலத்துக்குத் திருஷ்டி கழிக்கிறியா?"

"நீ கண்ண மூடிக்கினு போடா. நா தொறந்துகினு வரேன்."

இது நான் கண்ணால் கண்டதில்லை, பிற்பாடு கேள்விப்பட்டதுதான். ஒரு நாள் அங்கே போய் நின்று பார்த்திருந்தால் இதையெல்லாம் எழுத வேண்டி வந்திருக்காது.

ஆரணி ஊருக்குள் ரயில் கிடையாது. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஸ்டேஷன் வேறொரு ஊரில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதை நம்பி இறங்கிவிட்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள். அந்தத் தடத்துக்கு அப்பால் ஒரு சிறிய கிராமம் அந்த அம்மாவுடையது. முன்பு அங்கே கேட் இருந்தது. பிறகு கேட்டை எடுத்துவிட்டுத் தண்டவாளத்துக்கு அடியில் பாதை வெட்டினார்கள். கேட்டில் காத்திருப்பது போயிற்று, மழை பெய்தால் தண்ணீர் வடியக் காத்திருப்பது வந்தது.

அவர் வேலை பாவு பிணைப்பது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், நெய்து முடிந்ததும், பழைய நூல்களின் நுனி ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் நுனியை விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நுனிகள். ஒன்று தவறினாலும் சேலையில் தெரியும். ஆரணியின் பல தெருக்களுக்கும் அவர்தான் வருவார். நான் குடியிருந்த வீட்டின் முன்கட்டில் வீட்டுக்காரர் இரண்டு தறி வைத்திருந்தார். அங்கே வந்த இடத்தில்தான் அந்த அம்மாவை எனக்குப் பழக்கம்.

வந்தால் ஐந்து நிமிடம் சும்மா இருக்க மாட்டார். தறிக்குழிக்குள் காலை விட்டுப் பார்ப்பார். மேலே கட்டிய கயிற்றை இழுத்துப் பார்ப்பார். டீ கொண்டுவந்து கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். ஒரு நாள் காலை நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவருக்கும் வீட்டுக்காரருக்கும் வாக்குவாதம்.

"ரெண்டும் ஒரே சாயம்க்கா. ஒரே நாளு, ஒரே அண்டா. நானே நின்னு பார்த்தேன்."

"நின்னு பார்த்த. நடுவுல எங்க போன?"

"எங்கயும் போவல. ஒரு டீ குடிச்சிட்டு வந்தேன்."

"அப்பதான் மாறிப் போச்சு."

இரண்டு பட்டு நூல் கட்டுகளையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து வெயிலில் நீட்டிப் பிடித்தார். என்னைப் பார்த்ததும், "சார், நீங்க படிச்சவரு, சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

"ஒன்றுதானே அம்மா."

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க."

துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் ஒன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் மாலையில் நான் திரும்பியபோது அவர் சாயக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கட்டு வேறு ஒருவருடையது. அண்டாவிலிருந்து எடுக்கும்போது மாறிவிட்டது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அம்மாவின் கண் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது என நான் யாரிடமும் சொல்ல முடியாது. தெரியும். நன்றாகத் தெரியும்.

இன்னொன்று வீட்டுக்காரர் சொன்னது. வீட்டுக்காரரின் மகன் பள்ளிக்கூட பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு காலை, பாவு பிணைக்க வந்திருந்த அந்த அம்மாதான் பிள்ளையை ஏற்றிவிடப் போனார். பஸ் வந்து நின்றதும் பிள்ளையை ஏற்றவில்லை, தான் ஏறினார். நேரே கடைசி சீட்டுக்குப் போய், ஆபத்துக்குத் திறக்கிற கதவைத் தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை. ஓட்டும்போது லொடலொடவென்று ஆடுகிறது என்று டிரைவர் அதை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். அந்த வாரம்தான் அந்த பஸ் சோதனைக்குப் போய், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற சான்றோடு வந்திருந்தது. சோதனை நாளில் கயிற்றை அவிழ்த்திருக்கிறார்கள், மறுநாள் கட்டிவிட்டார்கள்.

"எறங்குமா, டைம் ஆவுது" என்று டிரைவர் கத்தியிருக்கிறார்.

"கயித்த அவுரு, எறங்கறேன்."

"அதெல்லாம் ஆபீசருங்க பார்த்துட்டாங்கமா."

"அவங்க பார்த்தாங்க. நா பார்க்கலியே."

கயிறு அவிழும்வரை அவர் இறங்கவில்லை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அன்று பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இரண்டாவது மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். "சரியான பேஜார் புடிச்ச பொம்பள சார்" என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். சாலை விபத்துகளைப் பற்றியும் ரயில் கடவுகளைப் பற்றியும் மக்கள் தரும் மனுக்களை உரிய துறைகளுக்கு அனுப்பி, பதில் வாங்கி, சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்குக் கோப்பு தயார் செய்வது என் பொறுப்பு. திங்கட்கிழமை மனு வாங்குவோம். ஒரு மனுவுக்குப் பதில் எழுதிவிட்டால் அது முடிந்தது. முடிந்த மனுக்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டத்தில் கேட்பார்கள். நான் எம்.ஏ. படித்தவன். என் பதில்களில் பிழை இருக்காது என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அந்த அம்மா வந்தது ஒரு கோடையில்.

"பாலத்துக்கு அடியில சுவத்த ஒட்டி ஒரு குழி இருக்கு சார், தண்ணி வடியறதுக்கு. அதுமேல இரும்பு மூடி ஒண்ணு போட்டிருந்தாங்க. எவனோ கழட்டிக்கினு போய் எடைக்குப் போட்டுட்டான். மழ வர்றதுக்குள்ள மூடியப் போடச் சொல்லுங்க. தண்ணி நின்னா குழி இருக்கிறதே தெரியாது."

"ஆழம் எவ்வளவு இருக்கும்?"

"எறங்கிப் பார்த்தேன்" என்று சொல்லித் தொடையில் கையை வைத்துக் காட்டினார். "இது வரைக்கும்."

மனுவை இரண்டு துறைகளுக்கும் அனுப்பினேன். தண்டவாளமும் சுவரும் ஒருவருடையவை, தார் போட்ட பாதை இன்னொருவருடையது. குழி சுவரை ஒட்டிப் பாதையில் இருந்தது. சுவர்க்காரர்கள் அது பாதை என்றார்கள். பாதைக்காரர்கள் அது சுவரின் அஸ்திவாரத்தோடு சேர்ந்தது என்றார்கள். இப்படி ஆறு கடிதங்கள் போய் வந்தன. கடைசியில் கூட்டு ஆய்வு என்று முடிவாயிற்று. இரண்டு பொறியாளர்களும் நானும் ஒரே நாளில் அங்கே போய் நின்று பார்த்து, மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த நாள் வந்தது. ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவருக்கு வேறு ஊரில் அவசர வேலை. எனக்கு வெயில். ஆமாம், வெயில்தான். வேறு காரணம் எதுவும் இல்லை. பாதைக்காரர்களின் ஒப்பந்ததாரர் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். சுவர், குழி, அதன்மேல் புதிய இரும்பு மூடி. "போட்டாச்சு சார்" என்று எழுதியிருந்தது. படத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்து, "நேரில் கூட்டு ஆய்வு செய்யப்பட்டது. வடிகால் குழிக்கு மூடி பொருத்தப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது" என்று எழுதினேன். கையெழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மனு முடிந்தது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் சேற்றுத் தண்ணீர் நின்றுவிட்டது. பதில் கடிதம் கைக்குக் கிடைத்ததும், அடுத்த திங்கட்கிழமை அந்த அம்மா வந்துவிட்டார். பகல் ஒரு மணி இருக்கும். அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எனக்குப் பசி.

"மூடி போட்டாச்சுன்னு எழுதியிருக்கீங்க சார். எப்ப போட்டாங்க?"

"மழைக்கு முன்னாடியே போட்டாச்சும்மா. படம் இருக்கு, பாருங்க."

கோப்பைத் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தார்.

"இது எங்க பாலம் இல்லீங்களே."

"எல்லாப் பாலமும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"இல்ல சார். எங்க பாலத்து சுவத்துல தண்ணி நின்ன கற இருக்கும். இடுப்பு ஒசரத்துக்குக் கோடு போட்ட மாதிரி. இதுல சுவரு சுத்தமா இருக்கு."

"சுண்ணாம்பு அடிச்சிருப்பாங்க."

"மூடிய மட்டும் போடறவங்க சுண்ணாம்பு எதுக்கு சார் அடிக்கறாங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். "சார், நீங்களே எறங்கிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றேன்.

"நீங்களே?"

"நானேதான் பார்த்தேன். குழிமேலே மூடி இருக்கு. போதுமா?"

படத்தை மறுபடி பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களே பார்த்தீங்கன்னா செரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யார் சொல்லியும் எதையும் ஏற்காத மனுஷி. சாயக்காரரையும் பஸ் டிரைவரையும் சான்று கொடுத்த அதிகாரியையும் நம்பாதவர், என் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பக்கத்து மேஜைக்காரர், "எப்படி சார் அந்தம்மாவ இவ்ளோ ஜல்தியா அனுப்பினீங்க?" என்று வியந்தார். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

எத்தனை நாள் கழித்து என்று சரியாக நினைவில்லை. மூன்று வாரம் இருக்கலாம். காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மாவின் ஊரிலிருந்து ஆரணிக்கு வந்த ஷேர் ஆட்டோ பள்ளத்தின் நடுவில் தண்ணீரில் நின்றுவிட்டது. உள்ளே நூல் முறுக்குகிற இடத்துக்கு வேலைக்குப் போகும் ஐந்து பெண்கள். முழங்கால் அளவு தண்ணீர். நடுப்பாதையை ஆட்டோ அடைத்துக்கொண்டிருந்தது. எப்போதும்போல மேலே மொபெட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்த அந்த அம்மா, பெண்களைக் கைபிடித்து இறக்கினார். மழை தொடங்கியதிலிருந்து சுவர்ப் பக்கம் போகாதவர்தான். இப்போது போக அதுதான் வழி.

அந்தப் பெண்கள் பின்னால் சொன்னது இது. "பயப்படாம வாங்கடி. குழிக்கு மூடி போட்டாச்சு. ஆபீசரே எறங்கிப் பார்த்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே அவர் முன்னால் நடந்தார். நாலாவது எட்டில் ஒரு கால் உள்ளே போய்விட்டது. உடம்பு ஒரு பக்கம் சாய, இடுப்பெலும்பு முறிந்தது. அவருக்குப் பின்னால் வந்த ஐந்து பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலைக்குள் மேலே அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. என் தவறு இதுவரை ஒரு சோம்பேறித்தனமும் ஒரு பொய்யும்தான் என்று வைத்துக்கொண்டால், இனிமேல் நான் செய்தது வேறு. கோப்பை எடுத்தேன். அதில் நாங்கள் மூவரும் மூடி இருந்ததாகக் கையெழுத்திட்டிருந்தோம். மூடி இருந்தால் ஒருவர் எப்படி விழ முடியும்? எச்சரிக்கைப் பலகை ஒன்று சரிவின் தலைப்பில் இருப்பதாக அதிலேயே ஒரு வரி இருந்தது. எழுதினேன். "எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்டிருந்தும், அதனைப் பொருட்படுத்தாமல் தன்னிச்சையாக நீரில் இறங்கி நடந்ததால் மேற்படி பெண்மணி நிலைதடுமாறி விழுந்து காயமுற்றார்."

குழி என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் இல்லை. நல்ல வாக்கியம். பத்திரிகைக்காரர்கள் அதை அப்படியே மாவட்டப் பக்கத்தில் போட்டார்கள். அந்த ஐந்து பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி எழுத வேண்டியவன் நான். ஒரு வாரத்தில் சத்தமில்லாமல் மூடி வந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. நாலு மாதத்தில் வீட்டை மாற்றிக்கொண்டேன். தண்ணீர் வசதி இல்லை என்று மனைவியிடம் சொன்னேன். தறிச் சத்தம் கேட்கிற தெருக்களை விட்டுச் சுற்றிப் போனேன். ஆரணியில் அப்படிப் போவது எளிதல்ல. பத்து நிமிடத்தில் போகிற காய்கறிக் கடைக்கு அரை மணி நடந்தேன். ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் என் அறிக்கைகளின் நடையைப் புகழ்ந்தார்கள்.

ஓய்வு பெற்று சில வருடங்கள் கழித்து, ஒரு நாள் மருந்துக் கடையில் பழைய வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக்கா உங்கள கேட்டாங்க சார்."

"என்ன கேட்டாங்க?"

"சார் உடம்பு நல்லாகீறாரான்னு. வேற இன்னா கேப்பாங்க?"

திட்டியிருந்தால் நான் இன்னும் கொஞ்சநாள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன். இரண்டு வாரம் வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாமல் அலைந்துவிட்டு, ஒரு காலை பஸ் ஏறிப் போனேன்.

நாற்காலியில் உட்கார்ந்து மோட்டாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலு கால் ஊன்றுகோல். நடக்க முடியாவிட்டாலும் உடம்பு ஓய்ந்திருக்கவில்லை. "வாங்க சார், வாங்க" என்றவர், நான் உட்கார்ந்த ஸ்டூலின் கால் ஆடுகிறதா என்று எட்டி அசைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த மகனிடம், "பாலு பொங்குதா பாரு" என்றார். "இல்லம்மா" என்று பதில் வந்ததும், "நீ பார்த்தியா, இல்ல அங்கிருந்தே சொல்றியா?" என்று குரல் கொடுத்தார். மகனுக்கு முப்பது வயது இருக்கும். செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

"அம்மா, அன்னைக்கு நான் இறங்கிப் பார்க்கலை" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அவர் மோட்டாரை அணைத்தார். "என்னிக்கு?"

"எந்த நாளும் இல்லை. உங்க பாலத்துக்கு நான் ஒரு தடவைகூட வந்ததில்லை. பார்த்தேன்னு சொன்னது பொய்."

"அந்த போட்டோ?"

"வேற பாலம்."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஒரு வெளிச்சம். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சந்தோஷப்பட்டார்.

"கற இல்லன்னு நா அப்பவே சொன்னேனில்ல? சொன்னேனில்ல சார்? டேய், இங்க வா, சார் இன்னா சொல்றாரு கேளு. அது வேற பாலமாம்!" என்னிடம் திரும்பினார். "எங்கண்ணுதான் பூத்துப் போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன் சார். போட்ட மூடிய மறுபடி எவனோ கழட்டிக்கினு போய்ட்டான்னுதான் நெனச்சேன். அவ்ளோ படிச்சவரு பார்த்தேன்னு சொல்றாரு, எனக்கு வேற மாதிரி தெரியுது. அப்ப எங்கண்ணுலதான் கோளாறு. அதுக்கப்புறம் பாவு பிணைக்க ஆளுங்க ஆட்டோ வச்சிக் கூப்டாங்க. உக்காந்த எடத்துல செய்யற வேலதானே. போவல. கை வச்சா நடுங்குது. ஒண்ணு மாத்தி ஒண்ணு முடிஞ்சிட்டா நெய்யறவன் பொழப்பு போயிடும்."

இடுப்பு முறிந்தது மட்டும்தான் என்னால் வந்தது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

மகன் வாசற்படியில் நின்றிருந்தார். "வெளிய போங்க சார்" என்றார். உரக்கச் சொல்லவில்லை.

"இருடா. அவரு எங்க போறாரு. எழுதி வாங்கிக்கலாம்" என்றார் அந்த அம்மா. "ஊர்ல இன்னா பேசறாங்க தெரியுமா சார்? ஊரு பூரா எறங்கிப் பாரு எறங்கிப் பாருன்னு உபதேசம் பண்ணவ, கடைசில கண்ணு தெரியாம அவளே எறங்கிட்டான்னு சிரிக்கிறானுங்க. பேப்பர்லயும் அப்டித்தானே போட்டீங்க?"

காகிதமும் பேனாவும் வந்தன. எழுதினேன். அவர் எட்டாவது படித்தவர். வரி வரியாக விரலை வைத்துப் படித்தார்.

"'மூடி பொருத்தப்படாமல் இருந்திருக்கலாம்' அப்டீன்னா? இருந்துச்சா, இல்லியா?"

"இல்லை."

"இல்லன்னு எழுதுங்க."

இரண்டாவது காகிதம். அதையும் படித்தார். "ஆய்வு சரியா நடக்கலன்னு போட்டிருக்கீங்க. யாரு போவல? எங்க உங்க பேரு?"

முப்பத்தைந்து வருடம் எழுதிய கை எனக்கு. மூன்றாவது காகிதத்தில்தான் ஒழுங்காக வந்தது. அந்தக் குழிக்கு மூடி இல்லை. இன்ன பெயருடைய நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கோப்பில் எழுதினேன், அவரிடமும் சொன்னேன். என் சொல்லை நம்பி நடந்துதான் அவர் விழுந்தார். படம் வேறு பாலத்தினுடையது என்று அவர் சொன்னது சரி. கையெழுத்துப் போட்டேன்.

"வீட்டுக்குள்ள வச்சிகினு நா இன்னா பண்றது? கிராம சபையில ஊருக்கு முன்னாடி நீங்களே படிங்க. நீங்களே எடுத்துக்கினு வாங்க" என்று காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். மறுபடியும் என்னை நம்பினார்.

அந்தச் சபைக்கு நான் கிளம்பினேன். பஸ்ஸில் சட்டைப் பைக்குள் காகிதம் இருந்தது. எழுத்தில் கொடுத்தால் விசாரணை வரும், பென்ஷனில் கை வைப்பார்கள் என்று ஒரு பழைய நண்பர் சொல்லியிருந்தார். அதைவிட, பாலத்தடியில் அவரைக் கேலி செய்த அந்த ஷேர் ஆட்டோக்காரரின் சிரிப்பை நினைத்துத்தான் பயந்தேன். நிறுத்தம் வந்தது. நடத்துனர் இரண்டு தடவை ஊர்ப் பெயரைச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. கண்ணமங்கலம் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, வேறு பஸ்ஸில் திரும்பினேன். அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்ச் சபையில் உட்கார வைத்திருந்தார்களாம். கூட்டம் கலைந்து வெகுநேரம்வரை பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாராம். உடம்பு சரியில்லை என்று வீட்டுக்காரர் மூலம் சொல்லி அனுப்பினேன். "செரி, அடுத்த சபைக்கு வரட்டும்" என்றாராம். அடுத்த சபைக்கும் உடம்பு சரியில்லை என்றேன்.

அதற்கடுத்த சபை வருவதற்குள் அவர் காய்ச்சலில் போய்விட்டார்.

அந்தச் சபைக்குப் போனேன். பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. செயலாளரிடம் அனுமதி கேட்டு எழுந்து நின்று படித்தேன். எல்லாருக்கும் கேட்டது. அந்த ஐந்து பெண்களில் மூன்று பேர் முன்னால் இருந்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர் எழுந்தார். சிரிக்கவில்லை.

"இத அந்தக்கா இருக்கும்போது ஏன் சார் வந்து படிக்கல? ரெண்டு தபா தூக்கிக்கினு வந்து உக்கார வச்சோமே."

"பயந்தேன்" என்றேன்.

"பயந்தாரு" என்று பக்கத்திலிருந்த காது மந்தமான ஒருவருக்கு உரக்கச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

மகன் வந்து என் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"தேதி போடல சார்."

பேனாவை எடுத்தேன். அலுவலகத்தில் எத்தனையோ காகிதங்களுக்குப் பழைய தேதி போட்டவன் நான், கூசியதில்லை. இதற்கு அவர் வீட்டில் எழுதிய நாளின் தேதியைப் போட்டால் பொய்கூட ஆகாது. எழுதியது அன்றுதான். பின்னால் படிப்பவர்களுக்கு, அந்த அம்மா உயிரோடு இருக்கும்போதே நான் ஊரறிய ஒப்புக்கொண்டேன் என்று தோன்றும். பேனா முனை காகிதத்தைத் தொட்டபடி நின்றது. மகன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சபை நடந்த அந்த நாளின் தேதியை எழுதினேன். அந்த அம்மா போய் நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

மகன் அதையும் படித்துப் பார்த்தார்.

"கரெக்டா இருக்கு சார்" என்றார்.